படுவான்கரையிலிருந்து அனுப்பிய தோற்படங்கள்: மூன்று வருட அனுபவம்

வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ள எங்கள் ஊரிலிருந்து மட்டக்களப்பு நகரத்துத் தோல் நோய்க் கிளினிக்குக்குப் போய்வர ஒரு நாள் முழுவதும் கழிந்துவிடும். கூலி வேலை செய்பவருக்கு அன்றைய சம்பளமும் போய்விடும். ஆகையால் மூன்று வருடங்களாக, எங்கள் வீட்டில் யாருக்குத் தோலில் எது வந்தாலும், கட்டணம் செலுத்தும் ஒரு சேவையின் ஊடாகத் தோல் நோய் வைத்திய நிபுணர் ஒருவருக்குப் படங்களையும் விபரங்களையும் அனுப்பி, அவர் ஓய்வாகப் பார்த்து எழுதும் பதிலைப் பெற்று வருகிறோம். வீடியோ அழைப்பு எங்கள் பக்கத்துச் சிக்னலுக்குச் சரிவரவில்லை.

முதலில் காட்டியது அப்பாவின் இடுப்பில் வந்த படர்தாமரையை. பார்மசியில் சீட்டில்லாமல் வாங்கிய கிறீம் ஒன்றை அவர் இரண்டு மாதங்களாகப் பூசி வந்தார். பூசினால் அரிப்பு அடங்கும், நிறுத்தினால் முன்பைவிட அகலமாகப் படரும். வைத்தியர் அந்தக் கிறீம் குழாயையும் படமெடுத்து அனுப்பச் சொன்னார். அதில் இருந்த ஸ்டீரொயிட் அரிப்பையும் அழற்சியையும் அடக்கிக்கொண்டே பங்கசை வளரவிட்டதையும், படர்தாமரைக்கே உரிய வட்ட விளிம்பை மங்கச் செய்ததையும் அவர் விளக்கி எழுதியபோதுதான் எங்களுக்கு விடயம் புரிந்தது. பங்கசுக்கான மருந்தை விளிம்புக்கு வெளியேயும் சேர்த்துப் பூசி, தழும்பு மறைந்த பின்னரும் சில நாட்கள் தொடர்ந்ததில் அது மாறியது. இந்தச் சேவையால் கிடைத்த பெரிய நன்மை இதுவென்றே கருதுகிறேன், ஏனெனில் எங்கள் ஊரில் அத்தகைய கிறீம் இல்லாத வீடு அரிது.

படம் எடுப்பதைப் பழகவே பல மாதங்கள் சென்றன. இரவில் மின்குமிழின் கீழ் பிளாஷ் போட்டு எடுத்தவை ஒன்றுக்கும் உதவவில்லை. இப்போது காலை வெளிச்சத்தில், வெயில் நேரே படாத திண்ணையில், உடலின் எப்பகுதி என்று தெரியும்படி தூரத்திலிருந்து ஒன்றும், அடிமட்டத்தை அருகில் வைத்துக் கிட்டத்தில் ஒன்றும், தடிப்புத் தெரியும்படி பக்கவாட்டில் ஒன்றும் எடுக்கிறேன். எங்கள் கரிய மேனியில் அழற்சி சிவப்பாகத் தெரியாமல் கருங்கபிலமாகவே தெரியும் என்பதால், பாதிக்கப்படாத தோலும் படத்தில் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் துல்லியம் குறைந்துவிடும். டொகியுமென்டாக அனுப்புவதே நல்லது.

பிள்ளைகளுக்குச் சிரங்கு வந்தபோது, வீட்டிலுள்ள அனைவரும் ஒரே இரவில் மருந்து பூசி, ஒரு வாரத்தில் மீண்டும் பூச வேண்டும் என்ற ஓர் ஆலோசனையே போதுமானதாக இருந்தது.

படத்தின் எல்லையை உணர்த்தியது தங்கையின் கணவருடைய முழங்கையில் இருந்த வெளிறிய தழும்பு. முதல் படத்தில் அது தேமலைப் போலவே இருந்ததால் தேமலுக்குரிய மருந்தே தரப்பட்டது. ஆறு வாரங்களாகியும் மாற்றமில்லை. அப்போது வைத்தியர், மச்சானைக் கண்ணை மூடச் சொல்லி, தழும்பிலும் அதைச் சுற்றியும் போல்பொயின்ட் பேனா முனையால் மெல்லத் தொட்டு, தொட்ட இடத்தை அவரே விரலால் காட்டுகிறாரா என்று பார்க்கச் சொன்னார். சுற்றிலும் சரியாகக் காட்டினார். தழும்பில் தொட்டதை அவர் அறியவே இல்லை. உடனே நேரில் காட்டும்படி பதில் வந்தது, கிளினிக்கில் தொழுநோய் என்று உறுதியானது.

வாவி நடுவே மாந்தீவில் தொழுநோயாளரைத் தனியே வைத்திருந்த காலத்தை அறிந்த மாமி அன்று முழுவதும் அழுதார். ஆறு மாதக் கூட்டுமருந்து இலவசமாகக் கிடைத்தது, மச்சான் வீட்டிலிருந்தே அதை முடித்தார், கை விரல்களில் எந்தப் பாதிப்பும் இல்லை. ஆனாலும் அந்த ஆறு வாரங்கள் என் மனதை இன்னும் உறுத்துகின்றன. அதனால், வெளிறிய தழும்பு யாருக்கு இருந்தாலும், படமெடுக்கும் முன் பேனாவால் தொட்டுப் பார்த்து, உணர்வு இருந்ததா இல்லையா என்பதைச் செய்தியின் முதல் வரியிலேயே எழுதி அனுப்புகிறேன்.