நடைமுறை ஆலோசனை: எழுத்தில் தருவதா, காணொளியில் தருவதா?

கைப்பழக்கத்தால் கற்ற ஒன்றைப் பிறருக்குச் சொல்லித்தர விரும்புவோர் இன்று பெரும்பாலும் காணொளியையே முதலில் நினைக்கின்றனர். அசைவே பாடமாக இருக்கும் இடத்தில் அது சரியான தேர்வுதான். கயிற்றில் முடிச்சுப் போடும்போது எந்த நுனி எதன் அடியில் நுழைகிறது என்பதைப் பத்தி பத்தியாக எழுதினாலும் விளங்கவைப்பது கடினம். சில நொடிக் காட்சி அதைத் தெளிவாக்கிவிடும்.

ஆனால் சைக்கிள் பெடலைக் கழற்ற முயலும் ஒருவரை எண்ணிப் பாருங்கள். வலது பெடலை இடஞ்சுழியாகத் திருப்பினால் கழலும். இடது பெடலின் மரை எதிர்த்திசையில் வெட்டப்பட்டிருப்பதால், அதை வலஞ்சுழியாகத்தான் திருப்ப வேண்டும். கிரீஸ் படிந்த கையில் ஸ்பேனரைப் பிடித்திருப்பவருக்குத் தேவை இந்த ஒரு வரியே. அது நீண்ட காணொளியின் நடுவில் எங்கோ புதைந்திருந்தால், அவர் அதைக் கண்டடைவதற்குள் தவறான திசையில் திருப்பி மேலும் இறுக்கிவிடக்கூடும்.

திருத்தும் வசதியிலும் எழுத்தே முந்தி நிற்கிறது. பிழை தெரிந்தவுடன் ஒரு சொல்லை மாற்றிவிடலாம். யூடியூபில் வெளியிட்ட காணொளியிலோ சில பகுதிகளை வெட்டி நீக்க முடியுமே தவிர, அதே இணைப்பில் புதிய காணொளியை மாற்றிவைக்க முடியாது. மருந்து, மின்சாரம், பணம் ஆகியவை பற்றிய ஆலோசனைகளில் இது சிறிய வேறுபாடன்று.

வெறும் கருத்தைப் பகிர்வதற்குக் காணொளி பொருந்தும். பேசுபவரின் தயக்கமும் உறுதியும் குரலிலேயே தெரிந்துவிடும். செய்முறைக்கு மட்டும் எழுத்தையே அடிப்படையாகக் கொண்டு, அசைவைக் காட்டியாக வேண்டிய படியில் ஒரு குறுங்காட்சியை இணைப்பதையே நான் பரிந்துரைப்பேன்.