சின்ன யானையில் பைக் ஏற்றி இறக்கிய 7 வருடம்

பொள்ளாச்சியில் பைக் பட்டறை வைத்திருக்கிறேன். வால்பாறை எஸ்டேட்டுகளில் பழுதாகி நிற்கும் பைக்குகளைக் கீழே கொண்டுவர, 7 வருடத்துக்கு முன் பழைய டாடா ஏஸ் ஒன்று, சின்ன யானை என்று சொல்லும் குட்டி லாரி, வாங்கினேன். மாதம் நாலைந்து பைக்காவது அதில் ஏறி இறங்கும். ஆழியாறு தாண்டினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். சமதள ரோட்டில் சுமாராகக் கட்டினாலும் பைக் வந்து சேர்ந்துவிடும், மலையில் அது நடக்காது.

முதல் மாதமே பட்டுவிட்டேன். ஒரு புல்லட்டைச் சைடு ஸ்டாண்டில் நிறுத்தி, நைலான் கயிற்றால் இழுத்துக் கட்டி இறக்கினேன். பாதி மலையில் ஸ்டாண்ட் வளைந்து, பைக் சாய்ந்து, டேங்க் பக்கப் பலகையில் மோதி நசுங்கியது. டேங்கை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். சைடு ஸ்டாண்டில் நிற்கும் பைக்கை இறுக்கினால், ஒவ்வொரு குழியிலும் பைக்கின் எடையும் கயிற்றின் இழுவையும் அந்த ஒற்றைக் கம்பியில்தான் இறங்கும். பைக் குதிக்கக் குதிக்கக் கயிறு தளரும். நைலான் கயிறு மழையில் நனைந்தால் இன்னும் மோசம். ஏஸின் பக்கப் பலகை ஒரு அடி உயரம்தான், சாயும் பைக்கை அது தாங்காது.

அன்றிலிருந்து ஸ்டாண்டை மடக்கிவிட்டுத்தான் கட்டுகிறேன். முன்சக்கரத்தைக் கேபின் பக்கப் பலகையில் நேராக முட்டவைக்க வேண்டும். ஏஸில் சரக்கு ஏற்றும் தொட்டியின் நீளம் 7 அடி 2 அங்குலம், ராயல் என்ஃபீல்டு கிளாசிக் 350-இன் நீளம் 7 அடிக்குக் கொஞ்சம் மேல். அதனால் நேராகவே நிற்கும், பின் டோரையும் மூடலாம். அப்புறம் இரண்டு ராட்செட் பெல்ட், அதாவது கைப்பிடியை ஆட்டி ஆட்டி இறுக்கும் பெல்ட். ஹேண்டில்பாரில் மாட்டக் கூடாது, அது திரும்பிவிடும். அதற்குக் கீழே ஃபோர்க்கை, அதாவது முன்சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்களை, பிடித்திருக்கும் தட்டில் துணி வளையம் போட்டு, அதிலிருந்து இரண்டு முன் மூலைக் கொக்கிகளுக்கும் சமமாக இறக்கி இறுக்க வேண்டும். ஃபோர்க் பாதி அமுங்கினால் போதும். அமுங்கிய ஃபோர்க் மேலே எழும்பப் பார்க்கும், பெல்ட் கீழே பிடிக்கும். பைக் ஆடாமல் நிற்பது இந்த இழுபறியில்தான். முழுக்க அமுக்கி ராத்திரி முழுவதும் விட்ட ஒரு பைக்கில் ஆயில் சீல் கசிந்தது. அதனால் இப்போது பாதிக்கு மேல் அமுக்குவதே இல்லை.

பின்னால் இன்னும் இரண்டு பெல்ட், பின்சக்கரம் பக்கவாட்டில் நகராமல் இருக்க. வளைவில் திரும்பும்போது இவைதான் காப்பாற்றும். கியரில் விட்டுவிடுவேன். கார்புரேட்டர் வண்டி என்றால் பெட்ரோல் டேப்பை மூடுவேன்.

ஆனால் ஓட்டத்தைவிட ஏற்றும்போதுதான் ஆபத்து அதிகம். ஒருமுறை, பைக்கை ஏற்றச் சாய்த்து வைத்த பலகை பின்பக்கமாக வழுக்கி, பைக் சரிந்து, கூட இருந்த பையனின் கணுக்கால் வீங்கிவிட்டது. எலும்பு உடையவில்லை, ஆனால் இரண்டு வாரம் அவன் வேலைக்கு வரவில்லை. அந்த இரண்டு வாரமும் எனக்கு மனசே சரியில்லை. அன்றிலிருந்து பலகையின் மேல்நுனியைத் தொட்டியோடு சங்கிலியால் பிணைக்காமல் சக்கரத்தை அதன் மேல் வைப்பதில்லை. பலகை 7 அடிக்குக் குறையக் கூடாது, குட்டையானால் சரிவு செங்குத்தாகிவிடும். எஸ்டேட்டில் தேயிலை மூட்டை ஏற்றும் மேடை இருந்தால் அங்கேயே வண்டியைப் பின்னால் எடுப்பேன், பலகை கிட்டத்தட்ட மட்டமாகிவிடும். என்ஜினைப் போட்டு ஓட்டி ஏற்றாதீர்கள். இரண்டு பேர் தள்ளுங்கள், ஒருவர் ஹேண்டிலில், ஒருவர் பின்னால் ஓரமாக, நேர் பின்னால் வேண்டாம். நடுவில் நிறுத்த வேண்டி வந்தால் முன் பிரேக்கை நம்பாதீர்கள். சரிவில் எடை பின்சக்கரத்துக்குப் போய்விடும், முன்சக்கரம் பூட்டிக்கொண்டே வழுக்கும். முதல் கியரில் போட்டு கிளட்சைப் பிடித்துக்கொண்டே தள்ளி, நிற்க வேண்டிய இடத்தில் கிளட்சை விட்டால் பைக் அங்கேயே நிற்கும்.

கிளம்பி பத்து கிலோமீட்டருக்குள் ஒருமுறை நிறுத்திப் பெல்ட்டைத் தொட்டுப் பாருங்கள். எவ்வளவு இறுக்கினாலும் முதல் குலுக்கலில் கொஞ்சம் தளரும். இறங்கும்போது 9-வது வளைவில் லோம்ஸ் வியூவில் கடைசியாக ஒருமுறை பார்ப்பேன். இறக்கம் முழுவதும் இரண்டாவது கியர்தான். பைக்கைப் பிடித்துக்கொள்ள ஆளைத் தொட்டியில் உட்காரவைப்பது மட்டும் வேண்டவே வேண்டாம். சட்டப்படியும் தவறு, பைக் சாய்ந்தால் முதலில் நசுங்குவது அவர்தான்.

ஸ்கூட்டருக்கு இதே முறை முழுதாக ஒத்துவராது. ஃபோர்க் தட்டு பிளாஸ்டிக் மூடிக்குள் இருக்கும், இழுத்தால் மூடி உடையும். சீட்டுக்குப் பின்னால் உள்ள கைப்பிடிக் கம்பியில் இரண்டு பெல்ட், முன்னால் மிதமாக இரண்டு. ஸ்கூட்டருக்குக் கியரும் இல்லை என்பதால் பின் பிரேக் லீவரைத் துணியால் சுற்றிக் கட்டிவிடுகிறேன்.

பெல்ட்டுகள் வெயிலில் வெளிறிப் போகும். ஓரத்தில் நூல் பிரிந்தாலே மாற்றிவிடுவேன். இதுவரை மூன்று செட் மாற்றியாகிவிட்டது, ஒரு டேங்க் விலைகூட ஆகவில்லை.