கான்டஸா பின் ஆக்சில் ஊளை: பேரிங் மட்டுமா, புது கிரவுன் பினியனா, காயலாங்கடை ஹவுசிங்கா?

என்னிடம் இருப்பது 1994 கான்டஸா கிளாசிக் கார், இசுசு 1.8 இன்ஜின். போன வருஷம், வேகம் அறுபதைத் தொட்டாலே பின்சீட்டுக்கு அடியில் ஊளை கேட்க ஆரம்பித்தது. விசாரித்ததில் மூன்று வழி சொன்னார்கள். பழைய கிரவுன் பினியனை (பின் ஆக்சிலுக்குள் சக்கரங்களைச் சுழற்றும் பற்சக்கர ஜோடி; சின்னது பினியன், பெரியது கிரவுன்) வைத்துக்கொண்டு பேரிங், சீல் மட்டும் மாற்றுவது. கிரவுன் பினியனையே புதுசாகப் போடுவது. காயலாங்கடையில் முழு ஹவுசிங்கை, அதாவது இதெல்லாம் உள்ளே இருக்கிற ஆக்சில் கூட்டையே, வாங்கி அப்படியே மாட்டிவிடுவது. நான் முதல் வழியின் கட்சி. ஆனால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்த பிறகுதான் அந்தக் கட்சியில் சேர முடியும்.

முதலில் போன பட்டறையில் டயர் சத்தம் என்றார்கள். நாலு டயரையும் மாற்றினேன், ஊளை அப்படியே இருந்தது. டயர்தானா என்று பார்க்கப் பத்துப் பைசா செலவில்லை. தார் ரோட்டிலிருந்து சிமென்ட் ரோட்டுக்கு ஏறும்போது சத்தம் மாறினால் டயரைச் சந்தேகப்படலாம். எனக்கு மாறவே இல்லை. இதை முன்னாடியே செய்திருந்தால் டயர் காசு மிஞ்சியிருக்கும்.

அப்புறம் ஒரு விடியற்காலையில் வண்டியை மதுரை நத்தம் ரோடு மேம்பாலத்தில் ஏற்றினேன். 2023-ல் திறந்த 7.3 கிலோமீட்டர் பாலம். சிக்னல் கிடையாது, இரண்டு பக்கக் கைப்பிடிச் சுவரும் சத்தத்தைத் திருப்பிக் காதில் போடும். கண்ணாடியை இறக்கிவிட்டு 60-ல் நிதானமாகப் போய் நியூட்ரலில் தள்ளினேன். சத்தம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. ஆக, இன்ஜின் இல்லை. மறுபடி கியரில் போட்டு மிதித்தால் குரல் ஏறியது, காலை எடுத்தால் இறங்கியது. வீல் பேரிங் போயிருந்தால் மிதிப்பதும் விடுவதும் அதற்கு ஒன்றுதான். வளைவில் பாரம் ஒரு பக்கம் சாயும்போதுதான் அதன் குரல் மாறும். இடது வளைவில் கூடினால் வலது பேரிங்கைப் பார்க்க வேண்டும்.

சுருதியும் ஒரு அடையாளம். இந்த அளவுச் சக்கரம் 60-ல் விநாடிக்குச் சுமார் ஒன்பது சுற்று சுற்றும். பினியன் அதைப்போல ஏறக்குறைய நாலு மடங்கு. அதனால் வீல் பேரிங் அடித்தொண்டையில் உறுமும். பினியன் பக்கம் கெட்டுப்போனால் நாதஸ்வரத்துக்கு ஒத்து ஊதுகிற மாதிரி இழுக்கும். கியர் போட்டுக் கிளம்பும்போது ‘டக்’ என்று ஒரு அடி மட்டும் விழுகிறதென்றால் ஆக்சிலைத் தொட வேண்டாம், முதலில் கியர்பாக்ஸிலிருந்து பின்னால் வருகிற ப்ரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் மூட்டைப் பாருங்கள்.

ஒத்தக்கடைப் பக்கம் ஒரு மெக்கானிக் அண்ணன். முன் சக்கரத்துக்குக் கட்டை கொடுத்து, பின்னால் ஹவுசிங்குக்கு அடியில் இரண்டு ஸ்டாண்ட் வைத்து, மூன்றாவது கியரில் ஓடவிட்டார். நீள ஸ்க்ரூடிரைவர் நுனியை பினியன் மூக்கில் (ஹவுசிங்குக்குள் ஷாஃப்ட் நுழைகிற இடம்) ஊன்றி, பிடியைக் காதோரம் வைத்துக் கேட்டுவிட்டு என்னிடம் நீட்டினார். “வச்சுப் பாருங்க தம்பி, உள்ள கோலிக்குண்டு உருளுது.” டப்பாவுக்குள் கோலி உருட்டுகிற அதே சத்தம். இரண்டு சக்கரப் பக்கமும் சுத்தமாக இருந்தது. பாரம் இல்லாமல் ஓடும்போது பல்லின் ஊளை அவ்வளவாக வெளியே வராது, பேரிங் மட்டும் பேசும்.

பிரித்தபோது காரணமும் தெரிந்தது. ஹவுசிங் மேலே இருக்கிற, காற்று வெளியேறும் ப்ரீதர் துவாரத்தை மண் அடைத்திருந்தது. சூட்டில் உள்ளே அழுத்தம் ஏறி, சீல் வழியாக ஆயில் கசிந்து, அளவு இறங்கியிருக்கிறது. இருந்த கொஞ்ச ஆயிலிலும் ஜிகினா மாதிரி மின்னும் இரும்புத் தூள். பினியன் பேரிங்கின் வெளி வளையம் கொத்தின அம்மி மாதிரி குழி குழியாக இருந்தது. பற்களோ வழவழவென்று இருந்தன.

அந்தப் பற்களை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டும். கிரவுனும் பினியனும் சேர்த்துத் தேய்த்து ஜோடியாக்கிய சாமான்; ஒன்றை மட்டும் மாற்றக் கூடாது. புது ஜோடி போட்டால் பினியன் எவ்வளவு ஆழத்தில் நிற்க வேண்டும் என்பதை ஷிம் என்கிற மெல்லிய வளையத் தகடு வைத்துப் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டும். பல்லில் மார்க்கிங் புளூ என்கிற நீலச் சாயத்தைத் தடவிச் சுற்றினால் தடம் பல்லின் நடுவில் விழ வேண்டும். உச்சியில் விழுந்தால் பினியன் கிரவுனைவிட்டுத் தள்ளி நிற்கிறது, அடியில் விழுந்தால் நெருங்கி நிற்கிறது. பேக்லாஷ், அதாவது பல்லுக்கும் பல்லுக்கும் நடுவே விடுகிற இடைவெளி, 0.15 மில்லிமீட்டர் வாக்கில், கிட்டத்தட்ட இரண்டு தலைமுடித் தடிமன். டயல் கேஜ் இல்லாமல் கையால் ஆட்டிப் பார்த்து “சரியா இருக்கு” என்கிற இடத்தில் இந்த வேலையைக் கொடுக்காதீர்கள். சரியாக உட்காராத புதுப் பல், தேய்ந்த பழைய பல்லைவிட அதிகமாகக் கத்தும். போதாததற்கு, கான்டஸா தயாரிப்பு 2002-லேயே நின்றுவிட்டது. கிடைக்கிற ஜோடியெல்லாம் எங்கோ கிடந்த பழைய சரக்கு. பல் உடைந்திருந்தால், குழி விழுந்திருந்தால், விரல் நகம் தட்டுகிற அளவு விளிம்பு ஏறியிருந்தால் வேறு வழியில்லை, புதுசுதான்.

பழைய பல் நன்றாக இருந்தால் பழைய ஷிம்மிலிருந்தே தொடங்கலாம். புது பேரிங்கின் தடிமன் துளி மாறலாம் என்பதால் தடத்தையும் பேக்லாஷையும் மறுபடி பார்க்கத்தான் வேண்டும். எங்களுக்கு ஒரே ஒரு மெல்லிய ஷிம் கூடுதலாகத் தேவைப்பட்டது. இரண்டு நாளில் வேலை முடிந்தது.

காயலாங்கடை ஹவுசிங்கின் பலம் வேகம்தான். அரை நாளில் மாட்டிவிடலாம். ஆனால் ஓட்டிக் கேட்காமல் வாங்குகிற சாமான். எத்தனை மழையில் கிடந்ததோ, உள்ளே தண்ணீர் போனதோ, கடைக்காரருக்கே தெரியாது. பல் விகிதமும் ஒன்றாக இருக்கும் என்று நம்பக் கூடாது. மாறினால் ஸ்பீடோமீட்டர் பொய் சொல்லும். ஒரு பக்க ஹப்பை அசையாமல் பிடித்துக்கொண்டு இன்னொன்றை இரண்டு முழுச் சுற்று சுற்றுங்கள். பினியன் எத்தனை சுற்று சுற்றுகிறதோ அதுதான் விகிதம். ஹவுசிங் குழாயே வளைந்த வண்டிக்குக் காயலாங்கடை ஹவுசிங் உயிர் காக்கும். மற்றபடி உதிரிக்காக ஒன்று வாங்கி வீட்டில் போட்டு வைக்கலாம்.

நாலாவதாக 140 நம்பர் கெட்டி ஆயில் ஊற்றிச் சத்தத்தை அமுக்குகிற வழக்கம் ஒன்று உண்டு. விற்கப்போகிற வண்டியில் செய்வது அது. குழி விழுந்த பேரிங்கை எந்த ஆயிலும் ஆற்றாது. ஹைபாயிட் என்கிற இந்த வகைப் பல்லுக்கு ஜிஎல்-5 தரத்து ஆயில் வேண்டும். மீந்ததைக் கியர்பாக்ஸில் ஊற்றிவிடாதீர்கள், கியர் மாற உதவும் பித்தளை சின்க்ரோ ரிங்குக்கு அது ஆகாமல் போகலாம்.

வேலை முடிந்து அதே பாலத்தில் அதே 60-ல் போனேன். காற்றுச் சத்தமும் டயர் சத்தமும்தான் கேட்டன. 70-க்கு மேல் காலை எடுக்கும்போது மெல்லிய முனகல் ஒன்று இருக்கிறது. பழைய பல்லுக்கு அது பரவாயில்லை என்று அண்ணன் சொன்னதை ஏற்றுக்கொண்டேன். 1,000 கிலோமீட்டர் ஓடியதும் ஆயிலை இறக்கி வெள்ளைத் தட்டில் ஊற்றி வெயிலில் சாய்த்துப் பார்த்தோம். ஜிகினா இல்லை.