டிரைக்கோடெர்மா விரிடி பவுடர்: தென்னைக்கு வாங்கலாமா?

இந்த பவுடரை பத்தி கடைக்காரர் ஒண்ணு சொல்றார், பக்கத்து தோப்புக்காரர் வேற சொல்றார், வாட்ஸப் குரூப்ல வெறும் சுண்ணாம்பு மாவு காசு தண்டம்னு ஒருத்தர் எழுதுறார், அதான் பட்டுக்கோட்டை பேராவூரணி பக்கம் தென்னை வச்சிருக்கவங்களுக்காக இத எழுதுறேன். நம்ம பக்கம் இத வாங்குறதே அடித்தண்டழுகலுக்குத்தான், அதான் தஞ்சாவூர் வாடல் நோய். 1950கள்ல அடிச்ச புயலுக்கு அப்புறம் நம்ம கடலோரத்துல பலமா பரவின நோய் இது. கஜா புயல்ல தப்பிச்சு நின்ன மரத்த இதுக்கு பறிகொடுக்கறது எவ்வளவு வயித்தெரிச்சல்னு பட்டவங்களுக்கு தெரியும்.

மொதல்ல ஒண்ணு புரிஞ்சிக்கணும், இது மருந்து இல்ல, உயிரு. பாக்கெட்ல இருக்கறது டால்க் பவுடர்ல கலந்த நல்ல பூஞ்சாணம். 1932ல ரிச்சர்ட் வைண்ட்லிங்னு ஒரு விஞ்ஞானி கலிஃபோர்னியாவுல எலுமிச்சை ஆராய்ச்சி பண்ற எடத்துல வேலை பாக்கறப்போ, இந்த பூஞ்சாணம் நாத்தழுகல் பண்ற ரைசக்டோனியாங்கற கெட்ட பூஞ்சாணத்தோட இழைய சுத்தி சுருண்டு புடிச்சு அத சாகடிக்கறத கண்டுபுடிச்சு எழுதினார். அதோட செல் செவுத்த கரைக்கற என்சைம விட்டு உள்ள பூந்து திங்குது. நம்ம பாக்கெட்டுக்கு ஆரம்பமே அந்த வேலைதான்.

ஆனா தென்னையில இத எப்ப போடணும்ங்கறது எனக்கு வெளங்கினது இன்னொருத்தர் ஆராய்ச்சியால. பிரிட்டன்ல ஜான் ரிஷ்பெத்னு ஒருத்தர், பைன் காட்டுல வேரழுகல் எப்படி பரவுதுன்னு பல வருஷம் பாத்திருக்கார். மரத்த வெட்டினதும் அந்த ஈர குத்தியில, அதான் அடிக்கட்டையில, கெட்ட பூஞ்சாணத்தோட வித்து காத்துல வந்து உக்காந்து, வேர் வழியா எறங்கி, வேரும் வேரும் தொடுற எடத்துல அடுத்த மரத்துக்கு போயிடுது. அவர் என்ன பண்ணார்னா வெட்டின உடனே ஒரு தொந்தரவில்லாத பூஞ்சாணத்தோட வித்த அதுல தடவிட்டார். பஸ்ல துண்டு போட்டு சீட் புடிக்கற மாதிரிதான், இது மொதல்ல எடத்த புடிச்சிருச்சுன்னா கெட்டதுக்கு எடமில்ல. இன்னிக்கும் ஐரோப்பாவுல மரம் வெட்டற மெஷினே வெட்டும்போதே அந்த மாதிரி வித்த தெளிச்சுட்டு போகுது.

நம்ம தென்னையில அடித்தண்டழுகல் பண்ற கேனோடெர்மாங்கற பூஞ்சாணமும் அதே குணம்தான், தோண்டாம விட்ட பழைய குத்தி, செத்த வேர்னு மண்ணுக்குள்ள குடியிருந்துட்டு பக்கத்து மரத்துக்கு தாவும். அதனால விரிடிய நல்லா இருக்கற மரத்துக்கு போடணும், குறிப்பா நோய் வந்த மரத்த சுத்தி இருக்கறதுக்கு. அடியில செம்பழுப்பா சாறு வடிய ஆரம்பிச்ச மரத்துக்கு வெறும் விரிடிய போட்டுட்டு கேக்கலன்னு ரெண்டு ஸ்டார் குடுக்கறது அந்த பவுடருக்கு பண்ற அநியாயம். அந்த மரத்துக்கு ஹெக்சகோனசோல்ங்கற பூஞ்சாணக்கொல்லி மருந்து 2 மில்லிய 100 மில்லி தண்ணில கலந்து மூணு மாசத்துக்கு ஒருக்க வேர்ல கட்டணும், பாத்தித் தண்ணி அடுத்த மரத்துக்கு ஓடாம தடுக்கணும், மரம் செத்துட்டா குத்திய வேரோட தோண்டி எடுக்கணும்.

அளவு: வருஷத்துக்கு ஒரு மரத்துக்கு 200 கிராம் விரிடி, 5 கிலோ வேப்பம்புண்ணாக்கு, 50 கிலோ மக்குன தொழுவுரம். நான் தொழுவுரத்துல கலந்து ஈரமா நெழல்ல கொஞ்ச நாள் மூடி வச்சுதான் வட்டப்பாத்தியில போடுவேன், பச்சையா பூத்து வரும், அப்படி பூத்தா சரக்கு உயிரோட இருக்குன்னு நம்பிக்கை வரும். காஞ்ச மண்ணுல தூவிட்டு தண்ணி விடாம போனா சத்தியமா வீண். போர்டோ கலவை (மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த பூஞ்சாணக்கொல்லி) ஊத்தற சமயத்துல இத போடவே கூடாது, அது இதையும் சேத்து கொன்னுடும். உளுந்து போடுறவங்க கிலோ விதைக்கு 4 கிராம் கலந்து விதைக்கலாம், அதுக்கும் நல்லா இருக்கு.

கொறைன்னா சரக்குலதான். எங்க பக்கத்துல ஒரு கடையில யூரியா மூட்டைக்கு மேல வெயில்ல போட்டு, தேதி முடியப்போற பாக்கெட்ட முழு வெலைக்கு குடுத்தாங்க, நெழல்ல காத்தோட்டமா வைக்க வேண்டிய சரக்கு அது. தயாரிச்ச தேதி பாக்காம வாங்காதீங்க, கிராமுக்கு 20 லட்சம் வித்தாவது இருக்குன்னு லேபிள்ல போட்டிருக்கணும், அது இல்லன்னா வச்சிட்டு வந்துடுங்க. முடிஞ்சா வேளாண் பல்கலைக்கழகம் இல்ல கேவிகேல (வேளாண் அறிவியல் நிலையம்) கேட்டு வாங்குங்க.

புது சரக்கா இருந்தா 5க்கு 4 ஸ்டார் தாராளமா குடுப்பேன், ஒரு ஸ்டார் கொறைச்சது கடைகள்ல அத வைக்கற லட்சணத்துக்காக.