டேபிள் சா மெஷினுக்கு லேசர் கட்டிங்ல செஞ்ச ரிவிங் நைஃப்: ஓட்டிப் பாத்த அப்புறம் என் ரிவ்யூ

ரிவிங் நைஃப் (பிளேடுக்கு பின்னாடி நிக்கிற சின்ன தகடு) இல்லாத டேபிள் சா, அதாவது மேஜை நடுவுல வட்ட பிளேடு சுத்துற மரம் அறுக்கிற மெஷின், வச்சிருக்கவங்களுக்காகத்தான் இத எழுதுறேன். கோயமுத்தூர்ல லோக்கலா அசெம்பிள் பண்ணி விக்கிற 10 இஞ்ச் மெஷின் ஒண்ணு என்கிட்ட இருக்கு, கம்பெனி பேர் வேண்டாம், மோட்டார் நல்ல பவர், டேபிள் காஸ்ட் அயர்ன், ஃபென்ஸ் (பலகைய ஒட்டி தள்றதுக்கான தடுப்பு) கூட பரவால்ல, ஆனா பிளேடுக்கு பின்னாடி நிக்க வேண்டிய அந்த ஒரு தகடு மட்டும் கிடையாது. டீலர்கிட்ட கேட்டா "அது குடுத்தாலும் எல்லாரும் கழட்டி வச்சிடுறாங்கங்க"ன்னு சொல்றாரு. பிரிட்டன்ல 1974லயே மரவேலை மெஷின் விதிகள்ல இத கட்டாயம்னு போட்டிருக்காங்க, இங்க பாஷ், டிவால்ட் ஜாப்சைட் மெஷின்ல (வேலை நடக்கிற இடத்துக்கு தூக்கிட்டு போற டைப்) கூடவே வருது, நம்ம லோக்கல் மெஷின்ல ஒரு போல்ட் ஓட்டை கூட விடல. இதுல எனக்கு உண்மையிலேயே கோவம். ஒரு சின்ன தகடுங்க, மெஷின் விலையில அது என்ன பெருசா கூடிடப் போகுது?

இது எதுக்குன்னு தெரியாதவங்களுக்கு சொல்லிடுறேன். மரத்துக்குள்ள எப்பவும் ஒரு இழுவை இருக்கும், வேம்பு, மா மாதிரி மரத்த நீளவாக்குல அறுத்தா அறுக்க அறுக்க ரெண்டு பாதியும் திரும்ப ஒண்ணோட ஒண்ணு ஒட்டப் பாக்கும், அப்போ அறுத்த தடம் மூடி பிளேடோட பின்பக்கத்த கவ்விக்கும். பின்பக்க பல்லு கீழ இருந்து மேல ஏறி வருது, அது பலகைய தூக்கி நேரா நம்ம வயித்த பாத்து எறியும், இதுதான் கிக்பேக். 10 இஞ்ச் பிளேடு நிமிஷத்துக்கு 4000 சுத்து சுத்தினா பல்லு நுனி செகண்டுக்கு 53 மீட்டர் போகுது, அதாவது மணிக்கு 190 கிலோமீட்டர். மர மில்லுல பெரிய துண்ட அறுக்கும்போது தடத்துல ஆப்பு வச்சுக்கிட்டே போவாங்க பாத்திருப்பீங்க, அதே வேலைதான் இது, ஆனா ஆப்ப ஆள் வைக்கணும், நைஃப் தானா நிக்கும்.

இப்ப அளவு. இங்கதான் முழு விஷயமும் இருக்கு, மத்ததெல்லாம் ஃபைல் வச்சு சரி பண்ணிக்கலாம். பிளேடு மேலயே 2.8/1.8னு அடிச்சிருப்பாங்க, எல்லாம் மி.மீ., முதல் நம்பர் பல்லோட அகலம், அதாவது அறுக்கிற தடத்தோட அகலம், ரெண்டாவது பிளேடு பாடியோட தடிமன். நைஃப் இந்த ரெண்டுக்கும் நடுவுல இருக்கணும், தடத்த விட ஒரு பத்து சதவீதம் கம்மியா இருந்தா சரியா இருக்கும், அதனால எனக்கு 2.5 மி.மீ. தடத்த விட தடிமனா போயிடுச்சுன்னா மரம் நைஃப்ல முட்டி நின்னுடும், நாம கையால அழுத்தி தள்ளுவோம், சுத்துற பிளேடு பக்கத்துல நின்னு அழுத்தி தள்றதுதான் இருக்கிறதுலயே மோசம். ரொம்ப மெல்லிசா போனா தடம் மூடுறத தடுக்காது, தகடு சும்மா நிக்கும். என்கிட்ட 2.4 தடம் உள்ள மெல்லிசு பிளேடும் இருக்கறதால 2 மி.மீ.ல இன்னொண்ணும் சேத்து வெட்டச் சொல்லிட்டேன்.

தகட்டுக்கு ஸ்பிரிங் ஸ்டீல்தான் பெஸ்ட். நிறைய பேர் பழைய சர்க்குலர் பிளேட கிரைண்டர்ல வெட்டி செய்றாங்க, நல்ல ஐடியாதான், ஆனா அதே சைஸ் பழைய பிளேடுன்னா பாடி தடிமன் 1.8தான் வரும், பத்தாது, பெரிய மெஷின்ல ஓடின தடிமனான பிளேடா தேடணும். சாதா எம்எஸ் (மைல்டு ஸ்டீல்) ஷீட் ஒரு தடவ இடிச்சா வளைஞ்ச மாதிரியே நிக்கும். நான் எஸ்எஸ் 304 (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) எடுத்தேன், ஒர்க்‌ஷாப்ல ஸ்டாக் இருந்துச்சு, 10 இஞ்ச் பிளேடு உயரத்துக்கு இந்த தடிமன் போதுமான விறைப்பா இருக்கு.

சர்வீஸ் பத்தி சொல்லணும்னா, கோயமுத்தூர்ல கணபதி ஏரியா பக்கம் லேசர் கட்டிங் சின்ன ஒர்க்‌ஷாப் ஒண்ணுல குடுத்தேன். ஒத்த பீஸுக்கெல்லாம் மதிச்சு பேசுவாங்களான்னு யோசிச்சுதான் போனேன், அங்க இருந்த தம்பி "டிராயிங் இருக்காங்ண்ணா, இல்ல சாம்பிள் வச்சு எடுக்கணுமா"ன்னு கேட்டாப்ல. நான் முதல்ல அட்டையில வெட்டி மெஷின்ல வச்சு பாத்து, அப்புறம் மெல்லிசு பிளைவுட்ல செஞ்சு பாத்துட்டு, அதோட அளவுலதான் டிஎக்ஸ்எஃப் ஃபைல் (கம்ப்யூட்டர் டிராயிங்) போட்டு எடுத்துட்டு போயிருந்தேன். உங்களுக்கும் அதையே சொல்றேன், டிராயிங் போட வராட்டியும் பிளைவுட் டெம்ப்ளேட் எடுத்துட்டு போங்க. போல்ட் ஸ்லாட்ட சரியா அளவுல வெட்டி குடுத்தாங்க, எம்6 போல்ட் ஆட்டம் இல்லாம உக்காருது. மெட்டீரியலோட ரெண்டு பீஸுக்கும் சேத்து 600 ரூபா வாங்கினாங்க, எனக்கு நியாயமாத்தான் பட்டுச்சு. ஒரே குறை, அடிப்பக்க ஓரத்துல உருகின பிசிறு அப்படியே இருந்துச்சு, கேட்டா தேய்ச்சு குடுத்திருப்பாங்களோ என்னவோ, வீட்ல ஃப்ளாட் ஃபைல் போட்டு எடுத்தேன். வாங்கும்போதே ஸ்டீல் ஸ்கேல ஓரத்தோட வச்சு வெளிச்சத்துல பாருங்க, சின்ன பீஸு சூட்டுல லேசா வளைஞ்சிருக்க வாய்ப்பு இருக்கு, எனக்கு நேரா இருந்துச்சு.

மாட்டுறதுதான் பொறுமை கேக்குற வேலை. பிளக்க புடுங்கிட்டு ஆரம்பிங்க, சுவிட்ச ஆஃப் பண்ணா போதாது. நைஃப் டேபிள்ல நிக்கக்கூடாது, ஆர்பர் (பிளேடு சுத்துற தண்டு) மாட்டியிருக்கிற ஆர்ம் மேலயே நிக்கணும், அப்பதான் பிளேட ஏத்தினாலும் இறக்கினாலும் சாய்ச்சாலும் கூடவே போகும். டேபிள்ல நட்டா அதுக்கு பேரு ஸ்ப்ளிட்டர், அதுவும் நல்லதுதான் ஆனா பாதி ஆழம் மட்டும் காடி (நீள பள்ளம்) எடுக்கும்போது கழட்டணும், கழட்டினத திரும்ப மாட்ட மாட்டோம். என் மெஷின்ல ஆர்ம் ஒரு முனையில திரும்புற டைப், பிளேட ஏத்த ஏத்த நைஃபும் கொஞ்சம் சாயும், அதனால பிளேட ஃபுல்லா ஏத்தியும் ஃபுல்லா இறக்கியும் ரெண்டு நிலையிலும் உச்சிய பாத்துதான் மேல் முனைய வளைவா தேய்ச்சேன், எந்த நிலையிலும் அது பல்லு உச்சிய தாண்டக்கூடாது. பல்லுக்கும் நைஃபுக்கும் இடைவெளி டேபிள் மட்டத்துல 3ல இருந்து 8 மி.மீ.க்குள்ள, நான் 5 வச்சிருக்கேன்.

நேர் பாக்குறதுக்கு ஒரு ஸ்ட்ரெய்ட் எட்ஜ (நேரான பட்டைய) பிளேடோட ஒரு பக்க பல்லுல ஒட்டி நீட்டி வைங்க, நைஃப் அதுக்கு கொஞ்சம் உள்ள இருக்கணும், தொடக்கூடாது, மறுபக்கமும் அதே மாதிரி. 2.8ல 2.5 போனா மீதி ஒரு பக்கத்துக்கு 0.15 மி.மீ.தான், அந்த இடைவெளிய ஃபீலர் கேஜ் (இடைவெளி அளக்கிற மெல்லிசு தகடு செட்) வச்சுதான் பாக்க முடியும், போல்ட்டுக்கு உள்ள ஷிம் (மெல்லிசு தகடு) வச்சு வச்சு நகத்தணும். முன் ஓரத்த ரெண்டு பக்கமும் லேசா சாய்வா தேய்ச்சு விட்டா மரம் முட்டாம ஏறும். இன்சர்ட் தகட்டுல (டேபிள்ல பிளேட சுத்தி இருக்கிற மூடி தகடு) பின்னாடி ஸ்லாட்ட நீட்டணும், அத மறந்துடாதீங்க. கடைசியா பிளேட கையால முழு சுத்து சுத்தி எங்கயும் உரசலன்னு பாத்துட்டு அப்புறம் பிளக்க சொருகுங்க.

ஓட்டிப் பாத்ததுல, ஒரு இஞ்ச் வேம்பு பலகைய நீளவாக்குல போட்டேன், பாதி தாண்டினதும் தடம் மூடி ரெண்டு பாதியும் நைஃப இறுக்கமா புடிச்சுக்கிச்சு, தள்ளுறதுக்கு கொஞ்சம் கனமாச்சு, அவ்ளோதான், பிளேடு சத்தம் மாறவே இல்ல. மெஷின நிறுத்திட்டு பாத்தா நைஃப் ரெண்டு பக்கமும் மரம் உரசின பளபளப்பு தெரிஞ்சுது. இது இல்லன்னா அந்த அழுத்தம் முழுக்க பிளேடு மேலதான் விழுந்திருக்கும். பிளைவுட், எம்டிஎஃப்ல தடம் மூடாது, ஆனா அறுத்த துண்டு திரும்பி பின்பக்க பல்லு மேல சாயாம தடுக்குது, எனக்கு அதுவும் பெரிய உதவி.

சில விஷயத்துக்கு இத நம்ப வேண்டாம். கை பிளேடுல படாம இது காப்பாத்தாது, புஷ் ஸ்டிக் (மரத்த தள்றதுக்கான குச்சி) கட்டாயம் வேணும். ஃபென்ஸ்ல முட்ட வச்சு குறுக்க அறுத்தா பலகை திரும்பி எகிறுறத இது முழுசா தடுக்காது. பிளேடு மாத்தினா நைஃபும் மாத்தணுமான்னு ஒவ்வொரு தடவையும் அளவு பாக்கணும், 10 இஞ்ச எடுத்துட்டு 8 இஞ்ச் பிளேடு போட்டா இடைவெளி கூடிடும், உச்சியும் பிளேட தாண்டி நிக்கும், அப்போ இதே நைஃப் செட் ஆகாது.

ஸ்டார் குடுக்கணும்னா ஒர்க்‌ஷாப்புக்கு 4, பிசிறுக்காக ஒண்ணு குறைச்சேன். நைஃபுக்கு 5. உங்க மெஷின்ல ஆர்ம் மேல ரெண்டு போல்ட் போட இடமே இல்லன்னா, டேபிள் அடியில வெல்டிங் வச்சு எதையாவது நிறுத்தப் பாக்காதீங்க, இன்சர்ட் தகட்டுலயே ஸ்ப்ளிட்டர் வச்சுக்கோங்க. புதுசா மெஷின் வாங்கப் போறவங்க டேபிள் அடியில டார்ச் அடிச்சு ஆர்ம பாத்துட்டு அப்புறமா விலை பேசுங்க.