பதினெட்டாயிரம் கிலோமீட்டருக்குப் பிறகு என் டூரிங் சைக்கிள்

கோவையிலிருந்து பழனி ரோட்டில் சைக்கிளில் போகிறவனிடம் முதலில் கேட்கப்படும் கேள்வி, "வேண்டுதலுங்களா?" என்பதுதான். உடுமலை தாண்டி ஒரு டீக்கடையில் அப்படிக் கேட்ட பெரியவரிடம், "இல்லைங்க, சும்மாதான்" என்றேன். அவர் வண்டியை ஒரு சுற்று சுற்றி வந்து பார்த்தார். பின்னால் இரண்டு பக்கமும் பை, ஹேண்டில்பாரில் ஒரு பை, மூன்று தண்ணீர் பாட்டில். "சும்மா போறதுக்கு எதுக்குங்க இவ்வளவு மூட்டை?" என்றார். நல்ல கேள்வி. நான்கு வருடமாக அதற்குத்தான் பதில் தேடிக்கொண்டிருக்கிறேன்.

மூட்டையோடு நெடுந்தூரம் போவதற்கென்றே செய்த வண்டிதான் டூரிங் சைக்கிள். வாங்கியபோது இது இரண்டாம் கை வண்டி. யாரோ ஒருவர் லடாக் போவதற்காக வாங்கி, போகாமலேயே விற்றது. குரோமோலி இரும்பு ஃபிரேம், 36 கம்பி சக்கரங்கள், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஒன்பது, கேபிளில் இழுக்கும் டிஸ்க் பிரேக். கேரியர், மட்கார்டு எல்லாம் சேர்த்துப் பதினான்கரைக் கிலோ. என்னோடு ஓட்டுகிறவர்களிடம் இருப்பது ரோடு பைக், அதாவது வேகத்துக்கென்று செய்த லேசான சைக்கிள். அது ஒன்பது கிலோ இருக்கும். தூக்கிப் பார்த்துவிட்டுச் சிரிக்காத ஆளே கிடையாது.

அந்தச் சிரிப்புக்கு ஒரு கணக்கு சொல்வேன். என் எடை 75 கிலோ. அவர்கள் வண்டியில் நான் ஏறினால் மொத்தம் 84, என் வண்டியில் 89.5. ஏற்றத்தில் இந்த வித்தியாசம் நூற்றுக்கு ஆறு ஏழு அளவில்தான் தெரியும். சமதரையில் அதுவும் கிடையாது. அங்கே எதிரி காற்றுதான். ஐந்தரைக் கிலோவுக்காக ஒரு லட்சம் கூடுதலாகக் கொடுப்பதற்கு முன்னால் நாம் எவ்வளவு இளைக்கலாம் என்று யோசிக்கலாம். நான் நான்கு கிலோ இளைத்தேன். செலவு ஒன்றுமில்லை, பரோட்டாவை விட்டதுதான் வலித்தது.

வண்டியின் உண்மையான பலம் கீழ்க் கியரில் இருக்கிறது. முன்னால் 26 பல், பின்னால் 34 பல். அதில் பெடலை ஒரு சுற்று சுற்றினால் வண்டி ஒன்றே முக்கால் மீட்டர்கூடப் போகாது. நிமிடத்துக்கு அறுபது சுற்று மிதித்தால் மணிக்கு ஆறு கிலோமீட்டர், வேகமாக நடக்கிற ஆளின் வேகம். கேவலமாகத் தோன்றலாம். ஆழியாறு செக்போஸ்ட்டிலிருந்து வால்பாறைக்கு நாற்பது கொண்டை ஊசி வளைவுகள். இருபதாவது வளைவுக்கு மேல் ரோடு பைக் ஆட்கள் இறங்கித் தள்ளிக்கொண்டிருந்தபோது, நான் உட்கார்ந்தபடியே, மூச்சு வாங்காமல், பாறை மேல் நின்ற வரையாட்டைப் பார்த்துக்கொண்டு போனேன். ஆட்டுக்கும் என் வேகத்தைப் பார்த்துப் பயமில்லை.

சரி, நெடுந்தூரத்துக்கு வருவோம். பிரெவே என்று ஒரு வகை ஓட்டம் இருக்கிறது. பந்தயம் அல்ல, முதலிடம் இரண்டாமிடம் கிடையாது. 200 கிலோமீட்டரைப் பதின்மூன்றரை மணிக்குள், 300ஐ இருபதுக்குள், 400ஐ இருபத்தேழுக்குள், 600ஐ நாற்பதுக்குள் முடிக்க வேண்டும். வழியில் குறித்த இடங்களில் அட்டையில் பதிவு வாங்க வேண்டும். விளக்கும் ஒளி தெறிக்கும் மேல்சட்டையும் கட்டாயம். பாரிஸில் இருக்கும் ஆடாக்ஸ் கிளப் பாரிசியன் இதற்குத் தலைமை. இந்த நான்கையும் ஒரே பருவத்தில் முடித்தால் 'சூப்பர் ராண்டனர்'. எல்லாவற்றுக்கும் உச்சியில் இருப்பது நான்கு வருடத்துக்கு ஒருமுறை நடக்கும் பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ், சுமார் 1,200 கிலோமீட்டர், தொண்ணூறு மணி நேரம்.

200 முதல் 600 வரையிலான அந்த நான்கு தூரத்தையும் நேரத்தால் வகுத்துப் பாருங்கள். எல்லாமே மணிக்குச் சுமார் பதினைந்து கிலோமீட்டர்தான். பள்ளிக்கூடப் பையன் போகிற வேகம். "இவ்வளவுதானா?" என்று நானும் நினைத்தேன். அந்தப் பதினைந்தில் சாப்பாடு, பஞ்சர், டீ, தூக்கம், வழி தவறியது எல்லாம் அடக்கம் என்பது அப்புறம்தான் உறைத்தது.

தொடங்கும்போது எனக்கு இருந்த அனுபவம் ஆபீஸுக்குப் போய் வரும் பன்னிரண்டு கிலோமீட்டர். வாரநாளில் மூன்று காலை இருபத்தைந்து கிலோமீட்டர், ஞாயிறு ஒரு நெடும் ஓட்டம் என்று வைத்துக்கொண்டேன். ஞாயிறு தூரம் 40, 55, 70 என்று ஏறும். நான்காவது வாரம் வேண்டுமென்றே 50க்கு இறங்கும். பிறகு 85, 100, 115, மறுபடி இறக்கம். அந்த இறக்க வாரத்தை முதலில் நான் மதிக்கவில்லை. முட்டியின் முன்பக்கம் வலி வந்து பத்து நாள் படியிறங்க முடியாமல் போனதும் மதித்தேன். வலிக்கு இன்னொரு காரணம் சீட் ஒன்றரை சென்டிமீட்டர் தாழ்வாக இருந்தது. குதிகாலைப் பெடலில் வைத்து அது அடியில் இருக்கும்போது கால் நேராக நீள வேண்டும். என் கால் மடங்கியே இருந்தது. ஒரு அலன் கீயில் தீர்கிற விஷயத்துக்கு நான் மூன்று வகைத் தைலம் தடவியிருந்தேன்.

அதிகபட்சம் 130 வரை போய்விட்டு நேராக 200க்குப் போனேன். கோவை, பொள்ளாச்சி, உடுமலை, பழனி, திரும்ப அதே வழி. அது டிசம்பர் என்பதால் காற்று பெரிய தொந்தரவு தரவில்லை. பயிற்சிக்காக அதே ரோட்டில் ஆடியில் போனது வேறு கதை. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வருகிற காற்று பொள்ளாச்சியிலிருந்து உடுமலைக்குக் கையைப் பிடித்துக் கூட்டிப் போனது போல் கொண்டுபோய் விட்டது. முப்பதுக்கு மேல் வேகம். நான் பெரிய ஆளாகிவிட்டேன் என்றே நம்பினேன். திரும்பும்போது வட்டியும் முதலுமாக வசூல். இரண்டு பக்கமும் காற்றாலைகள் சுற்றிக்கொண்டிருக்க, நான் பதினொன்றில் ஊர்ந்தேன். காற்றாலையை அங்கே வைத்தவர்கள் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள். குனிந்து பிடிக்க வளைந்த ஹேண்டில்பார் எதற்கு என்று அன்றைக்குப் புரிந்தது. பின்பைகள் இரண்டும் பாய்மரம் போலக் காற்றை வாங்கியதும் புரிந்தது. இப்போது ஒரே நாள் ஓட்டம் என்றால் பின்பைகள் வீட்டிலேயே இருக்கும்.

முதல் 300ஐ பத்தொன்பது மணி முப்பத்து மூன்று நிமிடத்தில் முடித்தேன். ஓடும்போது சராசரி வேகம் 20.5. அப்படியானால் மிதித்த நேரம் சுமார் பதினான்கே முக்கால் மணிக்கும் குறைவு. மீதி ஐந்து மணி நேரம் எங்கே போனது? ஜிபிஎஸ் கோப்பைத் திறந்து உட்கார்ந்து எண்ணினேன். டீக்கு நிறுத்தியது ஒன்பது தடவை. அடிப்பையில் இருந்த மழைக்கோட்டை எடுக்க முழுப் பையையும் ரோட்டோரம் கொட்டியது ஒரு தடவை. பவர்பேங்க் வயரைத் தேடியது இரண்டு தடவை. ஓட்டலில் ஆர்டர் கொடுத்துவிட்டுப் போனைப் பார்த்தது நாற்பது நிமிடம். அடுத்த வருடம் அதே 300. சராசரி 19.8தான், போன தடவையைவிட மெதுவு. ஆனால் நின்றது மொத்தமே இரண்டு மணி பத்து நிமிடம். பதினேழு மணி பத்தொன்பது நிமிடத்தில் வீட்டுக்கு வந்துவிட்டேன். அதற்குப் பிறகு வண்டியில் நான் செய்த மாற்றம் எல்லாமே நிறுத்தத்தைக் குறைப்பதற்காக. முன்பையில் கைக்கு எட்டும் இடத்தில் சாப்பாடு. பின்னால் எது எந்தப் பையில் என்று இருட்டில்கூடத் தெரியும். முன்சக்கர ஹப்பில் டைனமோ. விளக்குக்கு சார்ஜ் பற்றிய யோசனையே இல்லை. மிதித்தால் எரியும், அவ்வளவுதான்.

டயர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பாரிஸ்-பிரெஸ்ட்-பாரிஸ் முதன்முதலில் நடந்தது 1891இல். அப்போது அது பந்தயம். ஜெயித்த சார்லஸ் டெரோன் சுமார் எழுபத்தொன்றரை மணி நேரத்தில் முடித்தார். அவர் போட்டிருந்தது மிஷ்லான் கம்பெனி புதிதாகக் கொண்டுவந்த கழற்றி மாட்டும் காற்று டயர். பஞ்சரைச் சீக்கிரம் ஒட்ட முடிந்தது என்பதே அன்றைக்குப் பெரிய விஷயம். இன்றைக்கும் அதுதான் விஷயம். நான் போட்டிருப்பது ஷ்வால்பே மாரத்தான், 35 மில்லிமீட்டர். கனமானது, ரிம்மில் ஏற்றுவதற்குள் கட்டைவிரல் சிவந்துவிடும். ஆனால் இத்தனை தூரத்தில் ஐந்தே பஞ்சர். ஒன்று சீமைக்கருவேல முள். மற்ற நான்கும் நெடுஞ்சாலை ஓரத்தில் வெடித்துக் கிடக்கிற லாரி டயரின் கம்பித் துணுக்கு. தலைமுடி மாதிரி இருக்கும், கண்ணுக்குத் தெரியாது, விரலால் தடவினால் குத்தும். அதைப் பிடுங்காமல் புது டியூப் போட்டால் பத்து கிலோமீட்டரில் மறுபடி இறங்கும். என் டூல் பையில் முக்கியமான சாமான் பாட்டியின் முள்வாங்கி.

எல்லாம் நன்றாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். ஆறாயிரம் கிலோமீட்டரில் பின்சக்கரக் கம்பி ஒன்று 'டிங்' என்று போனது. மாற்றினேன். முந்நூறு கிலோமீட்டரில் இன்னொன்று. மூன்றாவது, மடத்துக்குளம் பக்கத்தில், பையோடு. சக்கரம் ஆடிக்கொண்டு மட்கார்டில் உரசியது. போனது செயின் பக்கத்துக் கம்பி. பல்சக்கரத்தைக் கழற்றாமல் புதுக் கம்பி கோர்க்க முடியாது, அதற்கான சாவி என்னிடம் இல்லை. ஊருக்குள் தள்ளிக்கொண்டு போனால் புளியமரத்தடியில் ஒரு சைக்கிள் கடை. கடைக்காரருக்கு எழுபது வயது இருக்கும். டிஸ்க் பிரேக்கைப் பார்த்து, "இதைத் தொட மாட்டேன் தம்பி, பெண்டு மட்டும் எடுத்துத் தர்றேன்" என்றார். சக்கரத்தைச் சுழலவிட்டு, ஒரு சாக்பீஸை ஃபோர்க்கில் ஊன்றிப் பிடித்து ரிம்முக்கு அருகில் கொண்டுபோனார். எங்கே கோடு விழுந்ததோ அங்கே பக்கத்துக் கம்பிகளை அரைச் சுற்று, கால் சுற்று தளர்த்தினார். நடுவில் கம்பிகளை ஜோடி ஜோடியாகக் கையில் பிடித்து அழுத்திப் பார்த்தார். "ஒண்ணு வீணைக் கம்பி, ஒண்ணு கொடிக் கயிறு. இப்படி இருந்தா உடையாம என்ன செய்யும்? யார் கட்டினது?" என்றார். கட்டியது நகரத்தில் ஒரு பெரிய கடை. பெயர் வேண்டாம். அவர் வாங்கியது ஐம்பது ரூபாய். ஊர் திரும்பியதும் சக்கரத்தை முழுதாகப் பிரித்து, எல்லாக் கம்பியும் ஒரே இறுக்கத்தில் வரும்படி வேறொருவரிடம் கட்டினேன். அதற்குப் பிறகு பதினோராயிரம் கிலோமீட்டருக்கு மேல் ஆகிவிட்டது, ஒரு கம்பிகூடப் போகவில்லை.

கை இன்னொரு பாடு. முதல் 400 முடிந்து ஒரு வாரம் வலது கை மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்தே கிடந்தன. சட்டைப் பொத்தான் போட முடியாமல் பனியனோடு நின்றுகொண்டிருந்தேன். உள்ளங்கை ஓரத்தில் ஓடும் நரம்பு அழுந்துவதால் வருவது. ஹேண்டில்பாரை இரண்டு சென்டிமீட்டர் உயர்த்தி, டேப்பை இரட்டையாகச் சுற்றிய பிறகு குறைந்தது. முழுக்கப் போகவில்லை, 250க்கு மேல் இப்போதும் லேசாக வரும்.

சாப்பாட்டில் தோற்றதுதான் பெரிய தோல்வி. முதல் 600இல் கடையில் வாங்கிய எனர்ஜி ஜெல்லையே நம்பிப் போனேன். 412ஆவது கிலோமீட்டரில் வாயில் எதை வைத்தாலும் குமட்டியது. ரோட்டோரம் படுத்தேன், எழுந்திருக்கத் தோன்றவில்லை, பஸ்ஸில் ஏறினேன். சைக்கிளுக்கும் சேர்த்து டிக்கெட். மறு வருடம் ஜெல் கிடையாது. பெரிய நிறுத்தத்தில் இட்லி அல்லது தயிர் சாதம், நடுவில் உப்புப் போட்ட மோர், முன்பையில் பஞ்சாமிர்தம். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. வாழைப்பழம், வெல்லம், தேன், நெய், பேரீச்சை. மெல்ல வேண்டாம், வழுக்கிக்கொண்டு போகும். சாஸ் பாட்டிலில் அடைத்துக்கொண்டால் ஓடிக்கொண்டே பிழிந்து சாப்பிடலாம். ஒரே பிரச்சினை எறும்பு. நடுராத்திரி ஒட்டன்சத்திரம் மார்க்கெட் பக்கம் லாரிகளில் காய்கறி மூட்டை ஏறிக்கொண்டிருக்க, டீ குடிக்கப் பத்து நிமிடம் வண்டியைச் சுவரில் சாய்த்து வைத்தேன். திரும்பி வந்தால் முன்பைக்குள் ஒரு ஊர்வலம். அந்த 600ஐ முப்பத்தெட்டு மணி இருபது நிமிடத்தில் முடித்தேன், எறும்போடு.

பராமரிப்புச் செலவு பயந்த அளவுக்கு இல்லை. செயின் தேய்மானம் பார்க்க ஒரு அடி ஸ்கேல் போதும். புதுச் செயினில் பன்னிரண்டு அங்குலத்தில் இணைப்பு ஆணிக்கு ஆணி சரியாக நிற்கும். ஒரு நூல் பாதி, அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு தள்ளிப் போனால் மாற்றிவிடுவேன். எனக்கு நாலாயிரம் கிலோமீட்டருக்கு ஒரு செயின் ஆகிறது. அப்படி மாற்றி வந்ததால் பின் பல்சக்கரம் இன்னும் பழையதே. பிரேக் கட்டைகள் வால்பாறை இறக்கம் போனால் சீக்கிரம் தேயும், மற்றபடி வருடத்துக்கு ஒரு ஜோடி.

யாருக்கு இந்த வகை வண்டி வேண்டாம்? ஞாயிறு காலை ஐம்பது கிலோமீட்டர் கும்பலாகப் பறக்கிறவர்களுக்கு வேண்டாம், பின்தங்கியே சாவீர்கள். இரண்டாவது மாடியில் லிஃப்ட் இல்லாமல் குடியிருப்பவர்களும் ஒருமுறை யோசியுங்கள். மற்றபடி, வேகம் வேண்டாம், ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்பவர்கள் கண்ணை மூடிக்கொண்டு வாங்கலாம்.

போன மாதம் நண்பர் ஒருவர் நான்கு நாள் கேரளா போய் வர வண்டியைக் கேட்டார். கொடுத்தேன். ஆனால் புரூக்ஸ் பி17 தோல் சீட்டை மட்டும் கழற்றி உள்ளே வைத்துவிட்டேன். முதல் ஆயிரம் கிலோமீட்டர் பலகை மாதிரி இருந்து, தேங்காய் எண்ணெயும் பொறுமையுமாக நான் பழக்கியது. இப்போது இரண்டு பக்கமும் எனக்கென்று குழி விழுந்திருக்கிறது. வேறு எதைக் கேட்டாலும் தருகிறேன்.