வீட் 7: 109ல் நின்றுபோன கல்லா கம்ப்யூட்டருக்கு ஒத்துவருமா?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடைக்கு வெப்சைட் செய்து தருவதாக ஒப்புக்கொண்டால், டிசைன் பேசுவதற்கு முன்னால் கல்லாப் பக்கம் போய் பில்லிங் கம்ப்யூட்டரைப் பாருங்கள். அதில் விண்டோஸ் 7 ஓடினால் ஆச்சரியப்பட வேண்டாம். பில் போடும் சாஃப்ட்வேர் அதில் ஒழுங்காக ஓடும்வரை எந்த முதலாளியும் அதை மாற்றமாட்டார். விண்டோஸ் 7க்கும் 8.1க்கும் கூகுள் கொடுத்த கடைசி குரோம் 109. அதற்கு மேல் அந்தப் பெட்டி நகராது. சைட் எப்படி வந்திருக்கிறது என்று முதலாளி முதலில் திறந்து பார்ப்பதும் அதே பெட்டியில்தான்.

எழுதிய கோடை பிரவுசர் படிக்கிற வெப்சைட்டாகக் கட்டித் தரும் கருவி வீட் 7. அதை இங்கே அந்த 109ஐ வைத்தே எடைபோடுகிறோம்.

பெயரை முதலில் தீர்த்துவிடலாம். நம்மூரில் பலரும் 'வைட்' என்கிறார்கள். பிரெஞ்சில் 'சீக்கிரம்' என்று பொருள், உச்சரிப்பு வீட். வேற்றுமை உருபு சேர்த்தால் 'வீட்டில்', 'வீட்டை' என்று குடும்ப விவகாரம்போல ஆகிவிடுவதால், இங்கே எண்ணோடு சேர்த்தே எழுதுகிறோம். இவான் யூ 2020ல் தொடங்கிய ஓப்பன் சோர்ஸ் கருவி இது. எம்ஐடி லைசன்ஸ், காசு கிடையாது. இதன் டெவலப்மென்ட் சர்வர், அதாவது வேலை நடக்கும்போது சைட்டை நம் லேப்டாப்பிலிருந்தே காட்டுவது, 5173 என்ற போர்ட்டில் (முகவரியின் வாசல் எண்) திறக்கும். ரோமன் ஐந்து 'வி', 1 'ஐ', 7 'டி', 3 'ஈ' என்று பெயரையே எண்ணில் ஒளித்துவைத்திருக்கிறார்கள்.

ரியாக்ட் சைட்டுகளைத் தொடங்கித் தந்த பழைய கருவியான கிரியேட் ரியாக்ட் ஆப்பை 2025 பிப்ரவரியில் ரியாக்ட் குழுவே ஓய்வுபெற வைத்துவிட்டது. அதில் பழகியவர்களுக்கு வீட் 7ன் வேகம் உடனே தெரியும். வேலை நடக்கும்போது எல்லா ஃபைலையும் ஒன்றாகக் கட்டி அனுப்புவதில்லை. பிரவுசர் கேட்கும் ஃபைலை மட்டும், கேட்கும்போது மாற்றித் தருகிறது. சேவ் அழுத்திய கணத்தில் திரையில் மாறுகிறது. கடைசியில் எல்லாவற்றையும் ஒன்றாகக் கட்டித் தருவது அதற்குள் இருக்கும் ரோலப் என்ற கருவி. வீட் 8ல் அதன் இடத்தில் ரஸ்ட் மொழியில் எழுதிய ரோல்டவுன். 8ன் பீட்டா 2025 டிசம்பரில் அதோடுதான் வெளியானது. நாற்பது சேலைப் படம் உள்ள கடை சைட்டுக்கு இந்த மாற்றத்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது. அதற்காக 8ஐத் தேட வேண்டாம்.

நிறுவுவது ஐந்து நிமிட வேலை, நோட் (ஜாவாஸ்கிரிப்டை பிரவுசருக்கு வெளியே ஓட்டும் மென்பொருள்) சரியாக இருந்தால். வீட் 7க்கு நோட் 20.19 அல்லது 22.12, அதற்கு மேல் வேண்டும். பழைய லேப்டாப்பில் நோட் 18 இருந்தால் 'கிரிப்டோ.ஹாஷ் ஒரு ஃபங்ஷன் இல்லை' என்ற எரர் வரும். உங்கள் கோடில் கிரிப்டோ என்ற சொல்லே இருக்காது, தேடித் தேடி மண்டை காயும். நோடை 22க்கு ஏற்றுங்கள், எரர் போய்விடும். 'என்பிஎம் கிரியேட் வீட்' என்று அடித்ததும் எந்த ஃப்ரேம்வொர்க் என்று கேட்கும். ஜவுளிக்கடைக்கு ஃப்ரேம்வொர்க் இல்லாத 'வெனிலா', அதில் டைப்ஸ்கிரிப்ட் (டைப் குறித்து எழுதும் ஜாவாஸ்கிரிப்ட்), போதும். டைப்ஸ்கிரிப்ட் ஏன் என்பது கீழே வரும்.

இனி முக்கியமான விஷயம். 2025 ஜூனில் வந்த வீட் 7, எந்த பிரவுசர்வரை தாங்கும் என்ற கோட்டை மாற்றிப் போட்டது. முன்பு குரோம் 87, சஃபாரி 14. இப்போது குரோம் 107, எட்ஜ் 107, ஃபயர்பாக்ஸ் 104, சஃபாரி 16. 'பேஸ்லைன்' என்ற பொது அளவுகோலை எடுத்துக்கொண்டதால் வந்த எண்கள் இவை. ஒரு வசதி குரோம், எட்ஜ், ஃபயர்பாக்ஸ், சஃபாரி எல்லாவற்றிலும் வந்த நாளில் அது 'புதிதாகக் கிடைப்பது'. அதிலிருந்து 30 மாதம் கழிந்தால் 'பரவலாகக் கிடைப்பது'. வீட் 7 எடுத்தது இரண்டாவதை. அடுத்த பெரிய பதிப்பு வரும்வரை இந்தக் கோடு நகராது, அது நல்ல முடிவு.

ஆனால் பேஸ்லைன் எண்ணுவது அந்த நான்கு பிரவுசரை மட்டும். சாம்சங் இன்டர்நெட் கணக்கில் இல்லை, ஓப்பரா மினி இல்லை. 30 மாதம் என்பதும் அப்டேட் ஆகிற போனை மனதில் வைத்த கணக்கு. பர்மா பஜாரில் கைமாறி வந்த ஆண்ட்ராய்டு 6 போனில் குரோம் 106தான் கடைசி, கோட்டுக்கு ஒரே ஒரு படி கீழே. ஆண்ட்ராய்டு 5 என்றால் 95. ஐபோன் 7 ஐஓஎஸ் 15லேயே நின்றுவிட்டது, அதன் சஃபாரியும் 15. இவை தவிர, ஸ்டோரேஜ் நிரம்பி பிளே ஸ்டோர் அப்டேட்டே இறங்காத போன்கள். ஆண்ட்ராய்டு புதிதாக இருக்கும், குரோம் மூன்று வருடம் பழையதாக இருக்கும்.

107 என்று எழுதியிருப்பதால் 106ல் உடனே வெள்ளைப் பக்கம் வந்துவிடாது. கருவி கதவைச் சாத்துவதில்லை, பொறுப்பு ஏற்பதில்லை, அவ்வளவுதான். கான்ஃபிக் ஃபைலில் 'பில்ட்.டார்கெட்' என்ற இடத்தில் குரோம்95, சஃபாரி15 என்று கொடுத்தால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். ஃபைல் கொஞ்சம் பெருக்கும், பொருட்படுத்தத் தேவையில்லை. சஃபாரி14 வரை இறக்கிவிடாதீர்கள். கோடில் மேல்மட்ட அவெய்ட் (ஃபங்ஷனுக்கு வெளியே எழுதும் 'அவெய்ட்') எங்காவது இருந்தால் பில்டே நின்றுவிடும். மிகப் பழைய பிரவுசருக்காகத் தனி நகல் கட்டும் லெகசி பிளகினையும் பரிந்துரைக்கமாட்டோம். ஃபைலைச் சுருக்கும் டெர்சரைத் தனியாக நிறுவ வேண்டும், ஒவ்வொரு ஃபைலையும் இரண்டு முறை கட்டும். குரோம் 64க்குக் கீழே உள்ளவர்களுக்காக மட்டுமே அந்தப் பாடு.

இப்போது 109. அது 107க்கு மேலே இருக்கிறது, ஆக வீட் 7ன் கணக்குப்படி பாஸ். உண்மையில் எங்கே உடைகிறது என்று பாருங்கள். சரக்குப் பட்டியலை வரிசைப்படுத்த 'டூசார்ட்டட்' என்று எழுதுகிறீர்கள். மூலப் பட்டியலைக் கெடுக்காமல் புதிய பட்டியல் தரும் அழகான வசதி, இப்போது எல்லா பயிற்சி வீடியோவிலும் அதுதான். அது குரோமில் வந்தது 110ல். 109ல் திறந்தால் தலைப்பு வரும், லோகோ வரும், சரக்கு இருக்க வேண்டிய இடம் காலி. வீட் 7 இதை மாற்றித் தராது. டார்கெட் என்பது இலக்கணத்துக்கு மட்டும். புது எழுத்துமுறையைப் பழைய எழுத்துமுறையாக ஆக்கும், பிரவுசரில் இல்லாத ஃபங்ஷனை உண்டாக்கிக் கொடுக்காது. டார்கெட்டை எவ்வளவு இறக்கினாலும் இதே கதிதான். எச்சரிக்கைகூட வராது. வீட் 7 மேல் நமக்கிருக்கும் பெரிய குறை இதுதான். 'பேஸ்லைன்' என்று பெயர் போட்டுவிட்டு, பேஸ்லைனுக்கு வெளியே இருப்பதைக் கண்டும் காணாமல் விடுகிறது.

டைப்ஸ்கிரிப்ட் கைகொடுப்பது இங்கே. அதன் அமைப்பு ஃபைலான டிஎஸ்கான்ஃபிகில் 'லிப்' வரியில் இஎஸ்2022 (2022ஆம் வருட ஜாவாஸ்கிரிப்ட்) என்று இருக்கட்டும். டூசார்ட்டட் 2023ஆம் வருடச் சரக்கு, அதனால் சிவப்புக் கோடு போட்டுக் காட்டும். அதே வருடத்து ஃபைண்ட்லாஸ்டையும் அப்படியே பிடிக்கும். ஆனால் வீட் 7 தானாக டைப் சரிபார்ப்பதில்லை, டைப்பை உரித்துப் போட்டுவிட்டுப் போய்விடும். பில்ட் கட்டளையில் முன்னால் டைப் சரிபார்க்கும் 'டிஎஸ்சி' இருக்கிறதா என்று பாருங்கள். அவசரத்தில் யாராவது நீக்கியிருப்பார்கள். சிஎஸ்எஸ்ஸுக்கு, கோடில் தவறு காட்டும் இஎஸ்லின்டின் சிஎஸ்எஸ் பிளகினில் 'யூஸ்-பேஸ்லைன்' என்ற விதி உண்டு. அதில் வருடத்தை 2022 என்று கொடுங்கள்.

டெயில்வின்ட் என்ற சிஎஸ்எஸ் ஃப்ரேம்வொர்க் போடுகிறவர்கள் இன்னும் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். 2025 ஜனவரியில் வந்த டெயில்வின்ட் 4 கேட்பது குரோம் 111, சஃபாரி 16.4, ஃபயர்பாக்ஸ் 128. நிறங்களை ஓக்கேஎல்சிஎச் என்ற புது முறையில் எழுதுகிறது, இரண்டு நிறத்தைக் கலக்கும் கலர்-மிக்ஸ் பயன்படுத்துகிறது. இரண்டும் குரோமில் 111ல்தான் வந்தன. 109ல் திறந்தால் பட்டன் இருக்கும், பட்டனின் நிறம் இருக்காது. 3.4லேயே இருங்கள். விண்டோஸ் 7ல் ஃபயர்பாக்ஸ் 115 நீள்கால ஆதரவுப் பதிப்பைப் போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். டூசார்ட்டட் அதில் ஓடும், டெயில்வின்ட் 4 ஓடாது, உள்ளே இருப்பதை வைத்து வெளி உறுப்பைத் தேர்ந்தெடுக்கும் ஹேஸ் செலக்டரும் ஓடாது. அது ஃபயர்பாக்ஸில் 121ல்தான் வந்தது.

நல்லதையும் சொல்ல வேண்டும். கன்டெய்னர் குவெரி குரோம் 105லிருந்தே இருப்பதால் 109ல் தாராளமாகப் பயன்படுத்தலாம். சேலை கார்டு அகலமான இடத்தில் பக்கவாட்டிலும் ஒடுங்கிய இடத்தில் மேல்கீழாகவும் தானே மாறிக்கொள்ளும். சிஎஸ்எஸ் நெஸ்டிங் (ஒரு விதிக்குள் இன்னொரு விதி எழுதுவது) 109ல் கிடையாது, ஆனால் வீட் 7 பில்டின்போது அதைப் பிரித்து விரித்துவிடுகிறது.

அந்த 'பில்டின்போது' என்பதில் ஒரு பொறி உண்டு. டெவலப்மென்ட் சர்வரில் இந்த மாற்றம் நடக்காது. லேப்டாப்பில் 5173ஐ ஓடவிட்டு, கடையின் 109ல் திறந்து 'எல்லாம் கலைந்து கிடக்கிறதே' என்று பயப்படாதீர்கள். 'வீட் பில்ட்', பிறகு 'வீட் பிரிவியூ' கொடுத்து 4173ல் பாருங்கள். அதுதான் உண்மையான நிலை. வேறு கம்ப்யூட்டரிலிருந்து பார்க்க '--ஹோஸ்ட்' சேர்க்க வேண்டும். வேலை முடிந்ததும் சர்வரை நிறுத்திவிடுங்கள். 2025 மார்ச்சில் வீட் 7க்கு முந்தைய பதிப்புகளில் ஒரு ஓட்டை வெளிவந்தது: ஹோஸ்ட் திறந்த டெவலப்மென்ட் சர்வரிடம் முகவரியின் வாலில் சில எழுத்தைச் சேர்த்துக் கேட்டால், லேப்டாப்பில் உள்ள மற்ற ஃபைலையும் எடுத்துக் கொடுத்துவிடும். 6.2.3ல் சரிசெய்தார்கள். கடை வைஃபை பாஸ்வேர்டு யார் யாரிடம் இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். ஆண்ட்ராய்டு போனில் பார்க்க ஹோஸ்டே வேண்டாம். கேபிளில் இணைத்து, குரோமின் இன்ஸ்பெக்ட் பக்கத்தில் போர்ட் ஃபார்வர்டிங் போட்டால் போதும்.

தமிழ்ப் பட்டியல் வைப்பவர்களுக்கு: வெறும் 'சார்ட்' போட்டால் யூனிகோட் எண் வரிசையில் வரும். சேலைக்கு அடுத்து ஜமுக்காளம் வந்து நிற்கும், பிறகு துண்டு, பாவாடை, லுங்கி, வேட்டி. யூனிகோடில் ஜகரம் சகரத்துக்கு அடுத்து இருப்பதுதான் காரணம். 'இன்டல்.கொலேட்டர்' என்பதற்கு 'டிஏ' என்று மொழி சொல்லி, அதன் ஒப்பீட்டை சார்ட்டுக்குக் கொடுங்கள். கிரந்த எழுத்துகள் கடைசிக்குப் போய், ஜமுக்காளம் வேட்டிக்குப் பின்னால் உட்காரும். இது 109ல் மட்டுமல்ல, 95லும் ஓடும். மூலப் பட்டியல் கெடக்கூடாது என்றால் முன்னால் 'ஸ்லைஸ்' போட்டு நகலெடுங்கள். டூசார்ட்டட் இல்லாமல் அதே பலன்.

எழுத்து எண்ணும் இடத்திலும் கவனம். 'வண்ணாரப்பேட்டை' என்பதை நாம் எட்டு எழுத்து என்போம், ஜாவாஸ்கிரிப்டின் 'லெங்த்' 14 என்னும். லெங்த் கணக்கில் பதினொன்றில் வெட்டு என்று கோடு எழுதினால் ஏழாவது எழுத்தான 'ட்' புள்ளியை இழந்து 'ட' என்று நிற்கும். 'இன்டல்.செக்மென்டர்' எட்டு என்று சரியாகச் சொல்லும். குரோமில் 87லிருந்து இருக்கிறது. ஃபயர்பாக்ஸில் 125ல்தான் வந்தது, ஆகவே 115க்கு மாற்று வழி எழுதி வையுங்கள். பக்க முகவரியில் தமிழ் வைக்க வேண்டாம். ஒரு தமிழ்க் குறியீடு மூன்று பைட், ஒவ்வொரு பைட்டும் சதவீதக்குறியோடு மூன்று எழுத்து. அந்த ஒரு ஊர்ப்பெயரே 126 எழுத்தாக நீளும். வாட்ஸ்அப்பில் அப்படி ஒரு லிங்க் வந்தால் மோசடி என்று நினைத்துத் தொடமாட்டார்கள்.

படங்களை வீட் 7 சுருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். 4 கேபிக்குக் கீழே உள்ளதை கோடுக்குள்ளேயே வைக்கும். மற்றதை அப்படியே நகலெடுக்கும். போன் கேமராவில் எடுத்த 4 எம்பி சேலைப் படம் 4 எம்பியாகவே போகும். 800 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து வெப்பியாக மாற்றி வையுங்கள். ஏவிஐஎஃப் இன்னும் சிறிதாகும், ஆனால் சஃபாரி 15 அதைத் திறக்காது. 'பப்ளிக்' ஃபோல்டரில் போட்டால் பெயரோடு ஹாஷ் (ஃபைல் மாறினால் தானும் மாறும் எழுத்துக்கோவை) சேராது, விலை மாற்றிய படம் வாடிக்கையாளர் போனில் பழையதாகவே நிற்கும். 'எஸ்ஆர்சி' ஃபோல்டரில் வைத்து இம்போர்ட் செய்யுங்கள். பெயரை முழுக்கச் சிறிய எழுத்தில் வையுங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் பெரிய எழுத்து, சிறிய எழுத்து இரண்டும் ஒன்று. ஹோஸ்டிங் ஓடும் லினக்ஸில் வேறு வேறு.

கடைசியாக ஏற்றுவது. வருடச் சந்தா ஷேர்டு ஹோஸ்டிங்கில் துணை ஃபோல்டரில் போடுகிறீர்கள் என்றால் 'பேஸ்' என்ற இடத்தில் புள்ளியும் சாய்கோடும் கொடுங்கள், இல்லாவிட்டால் வெள்ளைப் பக்கம்தான். முதலில் 'அசெட்ஸ்' ஃபோல்டரை ஏற்றிவிட்டு, இண்டெக்ஸ் ஃபைலைக் கடைசியில் ஏற்றுங்கள். பழைய அசெட்ஸை ஒரு வாரமாவது அழிக்காதீர்கள். காலையில் சைட்டைத் திறந்து அப்படியே வைத்திருப்பவர் மதியம் இன்னொரு பக்கம் போகும்போது பிரவுசர் பழைய பெயரைத்தான் கேட்கும். இண்டெக்ஸ் ஃபைலுக்கு மட்டும் 'நோ-கேஷ்' ஹெடர். ஹாஷ் பெயர் உள்ளவற்றுக்கு ஒரு வருடம். இது முடிந்ததும் கல்லா கம்ப்யூட்டரில் கன்ட்ரோல் எஃப்5 அழுத்தி ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்.